ஜன்னல் சிம்பூல்

சிம்பூல் தாரிகாவை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் "இதோ" என்று பதில் வந்துவிடும். எழுபது வயதைத் தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கேப்டவுனில் பல் டாக்டரிடம் போனால், நர்ஸ் சீட்டைக் கையில் எடுக்கும்போதே எழுந்து நின்றுவிடுவாள். "அக்கா, உன் முறையை யாரும் திருடிட்டுப் போகமாட்டாங்க, உக்காரு" என்று தம்பி மோரிஸ் கிண்டல் செய்வான். "உனக்கு என்னடா தெரியும்" என்பாள். உண்மையிலேயே அவனுக்குத் தெரியாது. அவள் முறையைத் திருடுவதற்கென்றே ஒருத்தி ரோட்ஸ் தீவில் இருந்தாள். அவள் பேரும் சிம்பூல் தாரிகாதான்.

அந்தத் தீவின் யூதர் தெருவில் பேருக்குப் பெரிய பஞ்சம். வீட்டில் முதல் பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவள் பேர். முதல் ஆண் பிறந்தால் தாத்தா பேர். அந்தப் பெரிசுகள் உயிரோடு திடகாத்திரமாக உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருக்கும்போதே வைக்க வேண்டும். வைக்காத மருமகள் பாடு திண்டாட்டம்தான். ஒரு கிழவிக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு பேத்திகள் ஒரே பேரோடு ஒரே முற்றத்தில் ஓடுவார்கள். மோரிஸின் அப்பா நிஸ்ஸிம் தாரிகாவுக்கு முதலில் பிறந்தது பெண். அவர் தம்பி ஹிஸ்கியாவுக்கும் அடுத்த வருஷமே பெண். இரண்டு வீட்டிலும் வேறு பேச்சே எழவில்லை.

தெரு சும்மா இருக்குமா? பட்டப்பேர் வைத்துப் பிரித்துக்கொண்டது. நிஸ்ஸிம் வீட்டு முற்றத்தில் கிணறு இருந்ததால் மூத்தவள் கிணத்துச் சிம்பூல். எதிர்வீட்டு மாடியில் இருந்த இளையவளுக்கு நாள் முழுக்க ஜன்னல்தான் வாசம். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பெல்லாம் தெருவில் தொங்கும். போகிற வருகிற எல்லோரிடமும் வாய் கொடுப்பாள். எனவே அவள் ஜன்னல் சிம்பூல்.

ஆனால் அவசரத்தில் கூப்பிடுகிறவர்களுக்குப் பட்டப்பேரெல்லாம் வாயில் வராது. கீழேயிருந்து "சிம்பூல்" என்று ஒரே ஒரு சத்தம்தான். இங்கேதான் ஜன்னல்காரியின் சாமர்த்தியம். கூப்பிட்டவள் கையில் என்ன இருக்கிறது என்று மேலேயிருந்து அவளுக்குத் தெரியும். தட்டு இருந்தால், அதில் பாதாம் மிட்டாயோ பாலாடைக்கட்டி வைத்த போரேகாவோ இருக்கும். உடனே "இதோ வந்துட்டேன்" என்று படியில் உருண்டு வந்துவிடுவாள். வாளி இருந்தால் வேலை. அப்போது தலை உள்ளே போய்விடும், காது செவிடாகிவிடும். கிணத்துச் சிம்பூலுக்குக் கீழே ஒன்றும் தெரியாது. பேர் கேட்டதும் ஓடுவாள், பாதி நாள் வாளியோடு திரும்புவாள். அதனால்தான் அவளுக்கு அந்த அவசரம். தட்டாக இருந்துவிட்டால் அதையாவது முந்திப் பிடிக்க வேண்டுமே.

பதின்மூன்று வயதில் கிணத்துச் சிம்பூலை அப்பா அம்மா கப்பலேற்றிக் காங்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஹிஸ்கியா சித்தப்பா "பாத்துக்கலாம்" என்று இருந்துவிட்டார். ஐந்து வருஷத்துக்கப்புறம் ஒரு ஜூலை மாதம் ஜெர்மன்காரர்கள் அந்தத் தெருவையே துடைத்தெடுத்து மூன்று படகில் ஏற்றிக் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர். ஹிஸ்கியா வீட்டில் ஒருவரும் இல்லை.

காங்கோ வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா எடுக்க விடவில்லை. மோரிஸ் காங்கோவில் பிறந்தவன். அவனைப் பொறுத்தவரை உலகத்தில் ஒரே ஒரு சிம்பூல் தாரிகாதான், அதுவே அவனுக்குப் போதும் போதும் என்றிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல், துணிக்கடை வைத்து, முதலில் காங்கோவிலும் பிறகு கேப்டவுனிலும் அவனை விரட்டிக்கொண்டே இருந்தவள்.

ரோட்ஸில் நினைவுக்கல் வைக்கிறார்கள், போனவர்கள் ஒவ்வொருவர் பேரும் அதில் இருக்கும் என்று செய்தி வந்தபோது, அதுவரை "அந்தத் தீவுக்கு என் செருப்புகூடப் போகாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "டிக்கெட் போடுடா" என்றாள். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. ஜன்னல் சிம்பூலுக்குச் சமாதி இல்லை, படம் இல்லை. அவள் பேரையாவது ஒரு தடவை விரலால் தொட வேண்டும்.

விழாவுக்கு முந்தின நாள் மதியம் அக்காவும் தம்பியும் கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே நடந்தார்கள். கூழாங்கல் பாவிய தரை அவள் முழங்காலைப் பதம் பார்த்தது. எங்கு பார்த்தாலும் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரர்கள், கையில் ஐஸ்கிரீம்.

"இந்த வீட்டுலதான் நாங்க இருந்தோம்" என்று ஒரு கதவைக் காட்டினாள். எதிரே பார்த்தாள். ஹிஸ்கியா சித்தப்பா வீட்டின் கீழ்த்தளம் கறுப்புக் கண்ணாடி விற்கிற கடையாகிவிட்டது. மாடி ஜன்னலில் ஒரு ஏசி பெட்டி பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னக்கா சிரிக்கிற?"

"ஒண்ணுமில்ல. அந்த ஜன்னலுக்குன்னு அப்படி ஒரு ராசி."

நினைவுக்கல் அங்கிருந்து நாலு எட்டில், தெரு அகலமாகிற முனையில், துணி போர்த்தி நின்றது. ஆளுயரம், வெள்ளைக் கல். பக்கத்தில் நிழற்குடையின் கீழ் விழாக் குழுத் தலைவர் ஜாக் கொத்ரோன் உட்கார்ந்திருந்தார். பெல்ஜியத்தில் மருந்துக்கடை வைத்து ஓய்வு பெற்றவர். அப்பா இந்தத் தெரு. நல்ல மனுஷன். இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

"வாங்கம்மா, வாங்க. மோரிஸ் போன்ல சொன்னதைவிட இளசா இருக்கீங்களே."

"அவன் என்னைப் பத்தி எதைத்தான் சரியாச் சொல்லியிருக்கான். காப்பி அப்புறம் குடிக்கலாம் தம்பி. முதல்ல துணியைத் தூக்குங்க."

ஜாக் துணியைத் தூக்கிப் பிடித்தார். குடும்பம் குடும்பமாகப் பேர்களை நெருக்கமாகச் செதுக்கியிருந்தார்கள். சிம்பூல் கண்ணாடியை மூக்கில் இறக்கி, கீழே குனிந்து, தாரிகா வீட்டாரைக் கண்டுபிடித்தாள். ஹிஸ்கியா. அவர் மனைவி ஃபசானா. வாளி தூக்க வைத்ததில் முக்கால்வாசி அவள்தான். அடுத்து ஒரு இடைவெளி. அப்புறம் ரூபென், ஹைம் என்று தம்பிகள்.

இடைவெளியில் விரலை வைத்தாள். கல்லைவிட வழவழப்பாக இருந்தது. நிறமும் ஒரு சொட்டு மஞ்சள்.

"இங்க ஒரு பேரு இருந்திருக்கே."

ஜாக் மோரிஸைப் பார்த்தார். மோரிஸ் தன் செருப்பைப் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியவே வேண்டாம்னு நெனச்சோம்மா" என்றார் ஜாக். "ஒரு தப்பு நடந்துபோச்சு. உங்க பேரைச் செதுக்கிட்டாங்க. சிம்பூல் தாரிகான்னு. விழாவுக்கு வர்றவங்க பேரைக் கேட்டு போன் பண்ணப்ப மோரிஸ் உங்க பேரைச் சொன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. உசுரோட இருக்கறவங்க பேரு இந்தக் கல்லுலயான்னு. மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கல்மாவு வெச்சு அடைச்சாச்சு. போன வாரமே."

அவர் முகத்தில் நல்லது செய்தவனின் திருப்தி. சிம்பூல் விரலை எடுக்கவில்லை.

"யாரைக் கேட்டு அடைச்சீங்க?"

"நான்தான்க்கா அடைக்கச் சொன்னேன்" என்றான் மோரிஸ். "உன்னைத் தெரியாதா எனக்கு? பக்கத்து வீட்டுக்காரி உன் கவுன் நல்லாயிருக்குன்னு ஒரு பார்வை பாத்தாக்கூட அடுப்புல கிராம்பு போட்டு திருஷ்டி கழிப்ப. செத்தவங்க கல்லுல உன் பேரு இருக்குன்னு சொன்னா, அந்த அதிர்ச்சியிலயே அது நெசமாயிருக்கும்."

"அது என் பேரு இல்லடா."

"சிம்பூல் தாரிகா வேற யாருக்கா?"

அப்போதுதான் சொன்னாள். தெருவில் நின்றுகொண்டு, ஐஸ்கிரீம்காரர்கள் இடித்துக்கொண்டு போக, அறுபது வருஷமாகச் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னாள். சித்தப்பா மகள். என்னைவிட ஒரு வயசு சின்னவள். அந்த ஜன்னல். தட்டு, வாளி. சொல்லி முடித்ததும் கோபம் வந்தது. வந்தால் அவளுக்கு நின்று நிதானமாக வரும்.

"கொன்னவனுங்க அவளை ஒரு தடவை இல்லாம பண்ணானுங்க. நீங்க ரெண்டு பேரும் ரொம்ப நல்ல மனசோட, கல்மாவு கொழச்சு, இன்னொரு தடவை பண்ணியிருக்கீங்க. நான் இத்தனை தூரம் வந்தது எதுக்குன்னு நெனச்சீங்க? பேச்சு கேட்டு கைதட்டவா?"

ஜாக் மெதுவாக, மருந்துக்கடைக்காரர் அளந்து ஊற்றுகிற மாதிரி பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க. ஆனா ரெண்டு பேரு இருந்தாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே பேரு, ஒரே குடும்பம், வயசும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஊரை விட்டுப் போனவங்களை இங்க தப்பா சேத்துட்டாங்கன்னுதான் யாருக்கும் தோணும்."

"உங்க பேரு ஜாக்கா?"

"வீட்டுல யாக்கோப்."

"உங்க தாத்தா பேரு?"

"யாக்கோப் கொத்ரோன்."

"உங்க பெரியப்பா மூத்த பையன்?"

ஜாக் கொஞ்சம் தயங்கினார். "யாக்கோப் கொத்ரோன்."

"அடுத்த பெரியப்பாவுக்கும் பையன் இருந்திருப்பானே."

"யாக்கோப்" என்றவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பண்டிகைக்கு எல்லாரும் ஒண்ணாக் கூடினா யாரைக் கூப்பிட்டாலும் மூணு பேர் திரும்புவோம். ஒருத்தன் மூக்கு யாக்கோப். ஒருத்தன் அழுமூஞ்சி யாக்கோப்."

"நீங்க?"

"அதை விடுங்கம்மா."

"சொல்லுங்க."

"தொப்பை யாக்கோப்."

இவ்வளவு நேரமும் உர்ரென்றிருந்த சிம்பூலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜாக்குக்கு வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொறந்த நாள்லேருந்து இது தெரிஞ்சவன் நான். எனக்கே தோணாமப் போச்சே. பெல்ஜியத்துல இருந்து இருந்து, ஒரு பேருக்கு ஒரு ஆளுன்னே நெனைக்கப் பழகிட்டேன்."

உடனே மேஸ்திரிக்கு ஆள் போனது. ஸ்தமாதிஸ் என்ற கிரேக்கர், மதியத் தூக்கம் கலைந்த கடுப்போடு வந்தார். அடைத்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இறுகிப்போச்சு. இப்ப உளி வெச்சா மேல இருக்கற அம்மா பேரு, கீழ இருக்கற பையன் பேரு ரெண்டும் சேந்து பேந்துடும். முன்பக்கம் வேற இடமே இல்ல. அடுத்த வருஷம் புதுப் பலகை செஞ்சு ஒட்டலாம்."

"அடுத்த வருஷத்துக்கு நான் இருப்பேன்னு நீ எழுதிக் குடுப்பியா?" என்று சிம்பூல் சின்ன வயதில் காய்கறிக்காரனிடம் கற்ற கிரேக்கத்தில் கேட்டாள். மேஸ்திரி திகைத்துப்போனார்.

ஜாக் தலையில் கை வைத்துக்கொண்டார். காலை பத்து மணிக்கு மேயர் வருகிறார், வெளியூரிலிருந்து நூறு பேர் வந்திருக்கிறார்கள். மோரிஸ் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தான். செய்த தப்பு அவனை ஓர் இடத்தில் நிற்கவிடவில்லை.

"பின்பக்கம்?" என்றான்.

"பின்பக்கம் சுவரு. யாரு பாப்பா?" என்றார் ஜாக்.

சிம்பூல் கல்லின் பக்கவாட்டில் போய் நின்றாள். ஒரு சாண் அகலம்தான். வெறுமையாக, இழைத்து வைத்திருந்தது. அங்கே நின்று திரும்பினால் நேர் எதிரே கண்ணாடிக் கடை, அதற்கு மேலே ஜன்னல்.

"இங்க போடு" என்றாள் மேஸ்திரியிடம்.

"ஓரத்துலயா?" என்றார் ஜாக். "எல்லாரும் முன்னாடி வரிசையா இருக்கறப்ப இவங்க மட்டும் தனியா பக்கவாட்டுல... நல்லாவா இருக்கும்?"

"அவ என்னிக்கு வீட்டுக்குள்ள ஒழுங்கா இருந்திருக்கா தம்பி? எல்லாரும் உள்ள இருக்கறப்ப அவ மட்டும் வெளியதான் தொங்கிட்டிருப்பா. இங்கயே போடுங்க. எட்டிப் பாக்கட்டும்." பிறகு சேர்த்துக்கொண்டாள்: "வெறும் பேரு மட்டும் வேண்டாம். ஜன்னல்காரின்னு போடணும்."

"நினைவுக்கல்லுல பட்டப்பேரா? மேயர் என்ன நெனைப்பாரு?"

"மேயருக்குத் தெருவுல எத்தனை சிம்பூல் இருந்தாங்கன்னு தெரியுமா? பட்டப்பேரு இல்லாட்டி நாளைக்கே இன்னொரு நல்ல மனுஷன் வந்து இதுவும் என் பேருன்னு நெனச்சு அடைச்சிட்டுப் போவான்."

ஜாக் மேஸ்திரியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெயில் தாழ்ந்து கடைக்காரர்கள் விளக்குப் போடுகிற வரை உளிச்சத்தம் கேட்டது. சிம்பூல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேஸ்திரிக்கு யோசனை சொல்லியே அவர் உயிரை வாங்கினாள். மோரிஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லவே இல்ல?"

"எப்படிடா சொல்ல? அவளைப் பத்திச் சொல்லணும்னா அவ பேரைச் சொல்லணும். என் பேரை நானே சொல்லிட்டு எப்படி அழறது?" எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னிக்கும் கீழேருந்துதான் கூப்பிட்டிருப்பானுங்க. அவ ஜன்னல்ல இருந்திருப்பா. கூப்பிட்டவன் கையில என்ன இருந்துதுன்னு பாத்திருப்பா. அவளுக்குத்தான் தெரியுமே, எதுக்குப் பதில் சொல்லணும், எதுக்கு உள்ள போயிடணும்னு. உள்ள போய்ப் பாத்திருப்பா. அன்னிக்கு அது பலிக்கல. அவளுக்குப் பதிலா ஓடறதுக்கு நானும் கீழ இல்ல."

மோரிஸ் அக்காவின் முழங்காலில் கை வைத்தான். எப்போதும் தட்டிவிடுவாள். அன்று தட்டிவிடவில்லை.

இருட்டுகிற நேரத்தில் மேஸ்திரி தூசியை ஊதிவிட்டு எழுந்தார். ஜன்னல்காரி சிம்பூல் தாரிகா. சிம்பூல் ஒவ்வொரு எழுத்தாக விரலால் தடவினாள். கல் இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் காலை தெரு நிரம்பி வழிந்தது. மேயர் பேசினார், நீளமாகவே பேசினார். இறந்தவர்களுக்கான பிரார்த்தனை முடிந்தது. பிறகு ஜாக் கல் முன்னால் நின்று பேர்களைப் படித்தார். ஒவ்வொரு பேராக, அவசரப்படாமல். நடுவில் அவர் தாத்தா பேரே இரண்டு தரம் வந்தது. இரண்டையும் தனித்தனியாகப் படித்தார். வெயில் ஏறியது. யாரும் நகரவில்லை.

முன்பக்கம் முடிந்ததும் எல்லோரும் முடிந்துவிட்டது என்று அசைந்தார்கள். ஜாக் கல்லைச் சுற்றிப் பக்கவாட்டுக்கு வந்தார். எழுதியிருந்த பட்டப்பேரை விட்டுவிட்டு, தெருவில் கூப்பிடுகிற மாதிரி, "சிம்பூல்" என்றார்.

முதல் வரிசையிலிருந்த சிம்பூல் பாதி எழுந்துவிட்டாள். "இதோ" நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. மோரிஸ் அவளைப் பார்த்தான். அவள் பல்லைக் கடித்து, அந்த ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த அழைப்பை இன்னொருத்திக்கு விட்டுக்கொடுத்தாள். தெரு காத்திருந்தது. மாடியில் ஏசி பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. சிம்பூலின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

விழா முடிந்ததும் வழக்கப்படி தட்டுகள் வந்தன. போனவர்களுக்காக ஆசி சொல்லிச் சாப்பிடுகிற போரேகா, வெங்காயத் தோலோடு வேகவைத்த முட்டை, உலர்ந்த திராட்சை, ஒரு மடக்கு ராக்கிச் சாராயம். மோரிஸ் அக்காவுக்கென்று ஒரு தட்டு நிறைய பாதாம் மிட்டாய் எடுத்துக்கொண்டு வந்தான். நாற்காலியில் அவளைக் காணோம்.

கல்லின் பக்கவாட்டில் நின்றிருந்தாள். அவன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். ஒரு மிட்டாய்கூட எடுக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் உயர்த்தி, செதுக்கிய பேருக்கு நேராக, நன்றாகத் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"வாளி இல்லடி" என்றாள். "தட்டுதான். வா."